ஒரு டிஸ்க், நாலு கணினி: கியா பார்ம் குறிப்புகள்

“படமெல்லாம் டிஸ்க்குல போட்டாச்சு” என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் நான் உடனே கேட்பது, “கணினியிலயும் இருக்கா?” பெரும்பாலும் இருக்காது. இடம் போதவில்லை என்று டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் இருந்ததை அழித்திருப்பார்கள். அப்போது டிஸ்க்கில் இருப்பது நகல் அல்ல, அதுதான் மூலம். அது போனால் எல்லாம் போயிற்று. வீட்டுக்கு ஒரு டிஸ்க் வாங்கப் போகிறவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மீதி எல்லாம் அதற்குப் பிறகு.

*

எங்கள் வீட்டில் நாலு கணினி. கடைக் கணக்குக்கு அண்ணனின் மேசைக் கணினி, வினாத்தாளும் பாடக்குறிப்பும் நிறைந்த அண்ணியின் மடிக்கணினி, என்னுடையது, தங்கையின் மேக்புக். முதல் மூன்றும் விண்டோஸ். ஆளுக்கொரு டிஸ்க் இருந்த காலத்தில் யாருடையது எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்பதே தெரியாது. இப்போது ஒரே டிஸ்க், ஒரே இடம், ஒரே நாள். நாங்கள் இருப்பது மலேசியாவின் கேமரன் மலையில். சனி ஞாயிறில் இங்கே கியா பார்ம் சந்தையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஸ்ட்ராபெரிக்கும் இனிப்புச் சோளத்துக்கும் வரும் கூட்டத்தில் பிரிஞ்சாங்வரை வண்டி நகராது. ஆகவே திங்கள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் டிஸ்க் மேசைக்கு வரும். ஒவ்வொரு கணினியாகச் செருகி எடுப்போம். வீட்டுக்கு ஒரே டிஸ்க் வைப்பதில் இருக்கிற பெரிய ஆதாயம் இந்தப் பழக்கம்தான். காசு மிச்சமாவது அப்புறம்.

*

டிஸ்க் 4 டெராபைட். விண்டோஸில் செருகினால் 3.63 என்று காட்டும், மேக்கில் 4 என்றே காட்டும். “ஏமாத்திட்டான்” என்று அண்ணன் கொதித்தார். ஏமாற்று ஒன்றும் இல்லை. தயாரிப்பாளரும் மேக்கும் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. டெராபைட் வரை போவதற்குள் வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது.

மேக்கும் விண்டோஸும் ஒரே டிஸ்க்கில் குடியிருப்பதுதான் சிக்கல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தை மேக் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் என்றால் இரண்டும் எழுதும். ஆனால் மேக்கோடு வரும் நகலெடுப்பு மென்பொருளான டைம் மெஷின் அதை ஏற்காது. அதோடு, எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் சீக்கிரம் சிதையும். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துவிட்டோம். மேக்குக்கு 1 டெராபைட், ஏபிஎஃப்எஸ். மற்ற மூன்றுக்கும் மீதி, என்டிஎஃப்எஸ். தங்கையின் மேக் 512 ஜிபி. அதைப்போல் இரண்டு மடங்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. எல்லை போடாமல் விட்டால் டைம் மெஷின் கொடுத்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பழைய நகல்களை அடுக்கிக்கொண்டே போய், இடம் தீர்ந்தால்தான் ஆகப் பழையதை அழிக்கும். கோளாறில்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் எல்லையை முதல் நாளே போட்டுவிட வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிறகு பிரிப்பது பெரிய தலைவலி.

பிரித்த டிஸ்க்கில் ஓர் ஆபத்து உண்டு. தனக்குப் புரியாத பகுதியைப் பார்த்தால் சில விண்டோஸ் கணினிகள் “பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?” என்று கேட்கும். மேக்கும் சில நேரம் புது டிஸ்க்கைக் கண்டதும் “டைம் மெஷினுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கும். எதற்குச் சரி என்று சொன்னாலும் அடுத்தவர் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். டிஸ்க்கின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி அண்ணி எழுதி வைத்திருக்கிறார்: “எது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லு. பிறகு கூப்பிடு.”

*

விண்டோஸ் பக்கத்தில் நாங்கள் நம்புவது ஃபைல் ஹிஸ்டரி. 2012இல் விண்டோஸ் 8ஓடு வந்தது, இன்னும் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பல கணினிகளுக்கு ஒரே டிஸ்க் என்றால் இது கச்சிதம். டிஸ்க்கில் ஒரு கோப்புறை, அதற்குள் ஆளின் பெயர், அதற்குள் கணினியின் பெயர், அதற்குள் கோப்புகள். ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலக்காது. முதல் வேலையாக நாங்கள் மூன்று கணினிகளுக்கும் பெயர் மாற்றினோம். வாங்கும்போது வருகிற எழுத்தும் எண்ணுமான பெயரை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று பிற்பாடு கண்டுபிடிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. கோப்பைத் திருத்தினால் பழையதன்மேல் புதியதை எழுதாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, நகல் எடுத்த தேதியையும் நேரத்தையும் ஒவ்வொன்றின் பெயரோடும் சேர்த்துவிடும். அந்த நேரம் உலகப் பொது நேரம். மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருளும் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். அண்ணி ஐந்தாம் ஆண்டு வினாத்தாளின்மேல் ஆறாம் ஆண்டுத் தாளைச் சேமித்துவிட்ட அன்று, பழையது அப்படியே இருந்தது.

ஆனால் ஃபைல் ஹிஸ்டரி எல்லாவற்றையும் எடுக்காது. டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள், காணொளிகள் போன்ற இடங்களை மட்டும் பார்க்கும். அண்ணனின் கணக்கு மென்பொருள் தன் தரவை சி டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்திருந்தது. முட்டைக்கோஸ் யாருக்கு எத்தனை கூடை போனது, கோலாலம்பூர் மொத்த வியாபாரி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அங்கேதான். அந்தக் கோப்புறையைத் தேடிப் பிடித்து லைப்ரரியில் சேர்த்தோம். வியாபாரம் செய்கிற வீடு எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: காசு சம்பந்தப்பட்ட கோப்பு உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

*

ஈரம். 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். பிற்பகலில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும். தோல் செருப்பு, புத்தக அட்டை, கேமரா லென்ஸ் எதுவானாலும் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். டிஸ்க்கை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம். நிறம் மாறும் வகை நல்லது. நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஓடும்போது மட்டும் டிஸ்க் வெளியே, காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

மலை உயரத்தில் டிஸ்க் ஓடுமா என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். நியாயமான கேள்வி. டிஸ்க்குக்குள் எழுதும் முனை, சுழலும் தட்டின்மேல் காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது. காற்று மெலிந்தால் தட்டில் உரசும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் எல்லை 3,000 மீட்டரை ஒட்டி. இங்குள்ள குனோங் பிரிஞ்சாங் மலையின் உச்சியே 2,000 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை, கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

*

டிஸ்க்கில் இருப்பதிலேயே எனக்கு முக்கியமானது 900 மெகாபைட்கூட வராத ஒரு கோப்புறை. பெயர் ‘லயம்’.

இந்த மலையில் ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. கம்பெனிகளின் வரலாறு கம்பெனிகளிடம் பத்திரமாக இருக்கிறது. பார்வையாளர் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டுவார்கள். கொழுந்து பறித்தவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் தகர டப்பாக்களில். பாட்டியின் சம்பளச் சீட்டு, தாத்தாவின் பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், தானா ராத்தாவில் எடுத்த கல்யாணப் படம், கோயில் திருவிழாவில் காவடியோடு நிற்கும் பெரியப்பா. ஒவ்வொன்றும் ஒரே பிரதி. நெகட்டிவ் கிடையாது. இந்த ஊர் ஈரத்தில் படத்தின் ஓரத்திலிருந்து பூஞ்சை உள்நோக்கி வருகிறது. பெரியம்மாவின் படத்தில் அது காதுவரை வந்துவிட்டது.

ஸ்கேன் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். பாட்டியும் இன்னும் நால்வரும் கூடையோடு நிற்கும் படத்தின் பின்னால் மைப்பேனாவில் ஐந்து பெயர்கள், ஐந்தாவது பெயருக்கு நேரே “ஊருக்குப் போய்விட்டாள்” என்று தனி வரி. அந்த வரி இல்லாவிட்டால் அந்தப் பெண் யாரென்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. 600 டிபிஐயில், டிஃப் வடிவில் எடுக்கிறேன். கோப்புக்கு “படம் 1” என்று பெயர் வைப்பதில்லை. யார், எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதுகிறேன்.

பத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரமோ குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டையோ இல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலையும் இந்தியக் குடும்பங்களை மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கேன் செய்த நகல் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதில் இருக்கும் பதிவு எண்ணும் தேதியும் தேசியப் பதிவு இலாகாவில் போய் நிற்கும்போது கையில் இருந்தால், வெறும் வாயால் சொல்வதைவிட எவ்வளவோ மேல். தோட்டத்து வீடுகளில் கணினி இருக்கிற பிள்ளைகள் ஒரு மாலையை ஒதுக்கிப் பத்திரங்களை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

எல்லாம் ஒரே டிஸ்க்கில். அந்த டிஸ்க் ஒரே வீட்டில்.

2013 அக்டோபர் 23 விடியுமுன், சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ரிங்லெட்டுக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த வீடுகளிலும் தகர டப்பாக்கள் இருந்திருக்கும். மேட்டில் இருக்கும் எங்களுக்கு வெள்ளம் வராது, மண்சரிவு வரும்.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜியோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது: 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கவில்லை. அலுவலகக் கணினியில் வைக்காமல் பொது இடத்தில் வையுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லித்தான் அந்த ஏற்பாடே நடந்தது. நாலு கணினிக்கு ஒரு டிஸ்க் வைக்கும் வீட்டுக்கும் அந்த அரசாங்கத்துக்கும் அளவில்தான் வேறுபாடு.

தமிழர்களுக்கு இதைச் சொல்ல கொரியாவரைகூடப் போக வேண்டாம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்காவது பிரதி இருந்த நூலை மறுபடி வாங்க முடிந்தது. பிரதி இல்லாத சுவடி போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பதன் அருமை அந்த இரவை நினைத்தால் புரியும். இறக்கிக்கொள்கிற ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு பிரதி சேர்கிறது.

*

ஆகவே இரண்டாவது டிஸ்க். அது ஈப்போவில் அக்கா வீட்டில் இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இதை விதைநெல் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. உண்ணும் நெல்லோடு விதைநெல்லை யாரும் வைக்க மாட்டார்கள்.

சிம்பாங் பூலாய் வழியாகக் கீழே இறங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மேலே 17, 18 டிகிரியில் குளிர்ந்திருக்கும் டிஸ்க்கை, ஈப்போவின் 33 டிகிரிப் புழுக்கத்தில் உடனே பையிலிருந்து எடுத்தால், குளிர்ந்த போத்தல் வியர்ப்பதைப் போல உலோகத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளேயும் கோக்கலாம். அந்த நிலையில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. டப்பாவைத் திறக்காமலே அக்கா வீட்டு மேசையில் சில மணி நேரம் விட்டுவைக்கிறோம். சாப்பிட்டு, பேசி, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் செருகினால் போதும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் போகும்போது மேலே இருக்கிற டிஸ்க் கீழே போகும், கீழே இருந்தது மேலே வரும்.

*

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்தால் தானாக நகல் எடுக்குமே என்று தங்கை கேட்டாள். உண்மைதான். ஆனால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே 12இல் பரவியபோது, அது புகுந்த கணினியின் கோப்புகளை மட்டும் பூட்டவில்லை. அதோடு இணைத்திருந்த டிஸ்க்குகளில் இருந்ததையும் பூட்டியது. கணினியிலிருந்து எட்டக்கூடிய எதையும் அப்படிப்பட்ட நிரல் எட்டும். இன்னொன்று இடி. இந்த நாட்டில் மின்னல் சாதாரணம். ஒரே வயரில் தொங்கும் கணினியும் டிஸ்க்கும் ஒரே அடியில் போகும். டப்பாவுக்குள் கிடக்கும் டிஸ்க்கை இரண்டும் தொடாது.

*

பழைய தமிழ்க் கோப்புகள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய நாடு இது. ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. யூனிகோட் பரவும்வரை நாம் எழுதியதெல்லாம் அந்தந்த எழுத்துருவின் குறியேற்றத்தில் கிடக்கிறது. கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், கல்யாணப் பத்திரிகை, அப்பா தட்டச்சு செய்த குடும்ப வரிசை எல்லாம் அப்படித்தான். கோப்பை மட்டும் நகலெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கணினியில் திறக்கும்போது ஆங்கிலக் குறிகளின் குப்பைதான் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்க முடியாது.

நான் செய்வது: எழுத்துருவையும் அதே கோப்புறையில் வைக்கிறேன், பிடிஎஃப் ஒன்று எடுத்து வைக்கிறேன், முடிந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றி மூன்றாவது பிரதியாக வைக்கிறேன். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே தன் நூல்களைப் பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தான் இன்றுவரை படிக்கும்படி வைத்திருக்கிறது.

*

பூட்டு. நாலு பேர் கோப்பும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் நாலு பேரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். அண்ணனின் வங்கிக் கணக்கு, தங்கையின் நாட்குறிப்பு, எல்லாருடைய அடையாள அட்டையும். டிஸ்க் ஈப்போவுக்குப் பயணம் போகிறது வேறு. டைம் மெஷின் பகுதிக்கு மறையாக்கம் போட்டிருக்கிறோம், விண்டோஸ் பகுதிக்கு பிட்லாக்கர். பூட்ட விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும்; கடவுச்சொல் தெரிந்தால் ஹோம் பதிப்பிலும் திறக்கலாம். அந்தச் சொல்லைக் கணினியில் எழுதி வைத்துப் பயனில்லை. தாளில் எழுதி, கடை உரிமப் பத்திரத்தோடு ஒன்றும் அக்காவிடம் ஒன்றும் வைத்திருக்கிறோம். அந்தச் சொல் தொலைந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் ஒன்றுக்கும் ஆகாது.

*

மேகத்தில் போட்டால் ஆகாதா? ஆகும், கூடுதலாக. கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூன் 1ஓடு நிறுத்தியது. மாதக் கட்டணம் நின்றால் அதுவும் நிற்கும். அதோடு, கைப்பேசியில் அழித்தால் அங்கும் அழியும் ஏற்பாடு அது. பத்திரங்களுக்கும் ‘லயம்’ கோப்புறைக்கும் மட்டும் அதை மூன்றாவது இடமாக வைத்திருக்கிறேன்.

*

நகல் எடுத்தால் போதாது, திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் தரவை அழித்தபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கே அந்தக் கதி.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. அண்ணனின் மேசைக் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்காத வயசு. புதியது வாங்கியபோது பழையதிலிருந்து நேரடியாக எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழையது எரிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொண்டு டிஸ்க்கிலிருந்து மட்டுமே எல்லாவற்றையும் எடுப்போம் என்றேன். கணக்கு வந்தது, ரசீதுகள் வந்தன, படங்கள் வந்தன. வராதது இரண்டு. கணக்கு மென்பொருளின் உரிம எண், அது ஒரு மின்னஞ்சலில் இருந்தது. அப்புறம் உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள். பழைய கணினி பக்கத்திலேயே உயிரோடு இருந்ததால் இரண்டையும் எடுத்துக்கொண்டோம். இப்போது உரிம எண்களுக்கென்று டிஸ்க்கில் ஒரு கோப்பு இருக்கிறது.

*

செய்ய வேண்டியவை. ஈப்போ டிஸ்க்கை இந்தப் பள்ளி விடுமுறைக்கு மாற்ற வேண்டும். கைப்பேசிப் படங்களை மாதம் ஒருமுறை என் கணினிக்கு இறக்க வேண்டும். அண்ணியின் கைப்பேசியில் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள் நிறைய, அவை இன்னும் எங்கும் இல்லை. பாட்டி பாடிய தாலாட்டும் லயத்துக் கதைகளும் இருக்கும் ஒலிநாடாக்கள் அலமாரியில் இருக்கின்றன. நாடாவிலும் வெள்ளை பூத்திருக்கிறது, அப்படியே ஓடவிட்டால் அறுந்துவிடலாம். முதலில் சிலிக்கா ஜெல்லோடு உலர வைக்க வேண்டும், பிறகு ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு டெக் தேட வேண்டும். ரிங்லெட்டில் மாமா ஒருவரிடம் இருப்பதாக அக்கா சொன்னாள்.